முகத்துவாரத்துப் பச்சை

“மேடம், கட்டுரையை இன்னிக்கே அனுப்பிரலாமா?”

இன்னாசி நின்றுகொண்டேதான் கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கப்பல்களில் எஞ்சின் பார்த்தவர். ஐம்பது தாண்டியபின் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தார். வழிகாட்டியான நிலோஃபர் அவரைவிட வயதில் இளையவர்.

செயற்கைக்கோள் மேலிருந்து கடலின் நிறத்தைப் பார்க்கிறது. அந்த நிறத்தைக் கொண்டு நீரில் மிதக்கும் நுண்பாசியின் பச்சையத்தைக் கணக்கிடலாம். பாசி செழித்த இடத்துக்கு மீன் வரும்.

இன்னாசியின் உலக வரைபடத்தில் நடுக்கடல்கள் வெளிறிக்கொண்டே போயின. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் மட்டும் ஒரு பச்சைத் திட்டு வருஷா வருஷம் பெருத்து வந்தது.

அது அவருடைய ஊருக்கு நேர் எதிரே இருந்தது.

“உலகமே வெளுக்குது, மேடம். எங்க கடல் மட்டும் பச்சையாகுது. வேற யாராவது முந்திக்கிட்டா?”

நிலோஃபர் திரையைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு காலிப் போத்தலை எடுத்து நீட்டினார்.

“அந்தப் பச்சையில கொஞ்சம் கொண்டு வாங்க.”

“தினமும் மேலேருந்து பாத்ததுதானே மேடம்?”

“கொண்டு வாங்க, சார்.”

அன்றே ஊருக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் போத்தலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஊரில் படகு வைத்திருந்த தம்பி தொம்மையிடம் சொன்னார்: “தண்ணி எடுக்க மட்டும் சும்மா போக வேண்டாம்டா. வலையையும் ஏத்திக்கோ. மீன் கெடக்கு.”

“காத்து சரியில்லையே அண்ணே. ரெண்டு நாள் போகட்டுமே.”

“ரெண்டு நாள்ல மீன் போயிருமே!”

அண்ணன் சொல்லைத் தட்ட முடியாமல் தொம்மை ஆட்களைக் கூப்பிட்டான். விடிந்ததும் படகு கிளம்பியது.

முகத்துவாரத்தில் ஆற்று நீரும் அலையும் முட்டிக்கொண்டன. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஓர் ஆள் தண்ணீரில் விழுந்தான். அவனை இழுத்துப் போடுவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

திட்டு இருக்க வேண்டிய இடத்தில் வலை விட்டார்கள். வெறும் வலைதான் வந்தது.

சுற்றிலும் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

தொம்மை வலையைச் சுருட்டினான். விழுந்தவன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். இன்னாசி குனிந்து போத்தலை நிரப்பினார்.

மறுநாள் ஆய்வகத்தில் நிலோஃபர் அந்த நீரை வடிதாளில் ஊற்றினார். தாளில் செம்மண் தங்கியது. இருவரும் நெடுநேரம் பார்த்தும் பச்சை தெரியவில்லை.

“செயற்கைக்கோள் பொய் சொல்லிருச்சு, மேடம். ஒரு மனுசன் சாகப் பாத்தான்.”

இன்னாசி சன்னலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்தார்.

“அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீல வெளிச்சம் இவ்வளவு, பச்சை வெளிச்சம் இவ்வளவுன்னு அளந்து அனுப்புது. அவ்வளவுதான்.”

“அப்போ பச்சையம்னு சொன்னது?”

“நீங்க போட்ட சூத்திரம். அது எந்தக் கடலுக்கு உள்ளது?”

“நடுக்கடலுக்கு.”

“சேத்தையும் அது பச்சையம்னு காட்டுமே. சேறு கலங்குற கரைக்கடலுக்கு?”

“அதுக்கு வேற சூத்திரம் இருக்கு.”

“அது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும், மேடம்.”

“போட்டுப் பாக்கலையா?”

“பாத்தேன்.”

“என்ன வந்துச்சு?”

“அதுல பச்சை எதுவும் வரல, மேடம். அதனாலதான் நான் நடுக்கடல் சூத்திரத்தையே...”

இன்னாசி நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.