கோயமுத்தூர் மாமன் வந்த காதுகுத்து

திருநெல்வேலிப் பக்கம் கொட்டாவிக்குளம் என்று ஓர் ஊர். அங்கே அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. இருந்ததை யாரும் எடுத்துச் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன கோயில் கொடைக்கு அந்த ஊருக்கு ஒருத்தன் வந்தான். ஊர்ப் பெரியவர் இருளப்பருடைய மருமகன் மாதிரியே முகம். உட்கார வைத்துக் கறியும் சோறுமாகப் போட்டார்கள். “இன்னா மாமா, கறி ஷோக்கா கீது” என்று வேளாவேளைக்குப் பட்டணத்துப் பேச்சுதான் பேசினான். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பெரியவர் வீட்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு அவன் போன பிறகு, நிஜ மருமகன் திருச்செந்தூரிலிருந்து வந்து இறங்கினார்.

இருளப்பர் ஊரைக் கூட்டினார். “இனிமே எவன் வந்தாலும் மூஞ்சியப் பாக்காதிய. பேச்சக் கேளுங்க. பேச்சு எந்த ஊரோ, ஆளும் அந்த ஊரு.”

மறுநாளே சங்கிலியும் முக்காண்டியும் ஊர் எல்லையில் காவலுக்கு உட்கார்ந்தார்கள். மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்று பெரியவரே சொல்லியாச்சு. ரெண்டு பேரும் துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

முதலில் வந்தது ஓர் எருமை. “ம்மா” என்றது.

“எந்த ஊரு மாதிரி இருக்கு?” என்றான் சங்கிலி.

“அம்மான்னு எல்லா ஊருலயும்தான் சொல்லுவாவ. பொதுவான ஆளு. விடு.”

பொதுவான ஆள் நேரே முக்காண்டி வீட்டுக் கொல்லைக்குப் போய்க் கீரைப்பாத்தியை மேய்ந்துவிட்டுத்தான் திரும்பியது.

சங்கிலியின் பெண்டாட்டி மாடத்தி. அந்த ஊரில் கண்ணைத் திறந்து வேலை பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். அவள் கைப்பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். பந்தல் போட்டாச்சு, சோறு வெந்தாச்சு, பக்கத்து ஊர் ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்தாச்சு. பாக்கி தாய்மாமன் மடிதான். நல்ல நேரம் முடிவதற்குள் அண்ணன் கொம்பையா வந்து சேர வேண்டுமே என்று அவள் பந்தலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

கொம்பையா கோயமுத்தூர் மில்லில் வேலைக்குப் போய் ரெண்டு வருசம். பஸ்ஸை விட்டு இறங்கி, சீர்த்தட்டோடு எல்லைக்கு வந்தான்.

“ஏனுங் மச்சான், சௌக்கியமுங்களா? நேரமாச்சுங், உள்ள உடுங்க.”

சங்கிலி துள்ளி எழுந்தான். “கோயமுத்தூரு!”

“நான் கொம்பையாவுங்க.”

“எம் மச்சான் பேச்சு எனக்குத் தெரியாதா? அவன் வாயத் தொறந்தா ‘ஏல’ம்பான். மருவாத தெரியாத பய. நீரு இம்புட்டு மருவாதையா பேசுதீரு. நீரு அவன் இல்ல.”

சத்தம் கேட்டு மாடத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “எங்கண்ணந்தான் இது! கண்ணத் தொறந்து பாருங்க!”

“மூஞ்சியப் பாத்து ஒரு ஆடு போனது போதாதாட்டி?” என்றான் சங்கிலி.

இருளப்பரும் வந்து சேர்ந்தார். சட்டம் போட்டவரே மீறலாமா? கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார். நடுவில் ஒரு எருக்குழி.

“பேச்சு கோயமுத்தூருன்னா ஆளும் கோயமுத்தூருதான். அப்பம் நம்ம கொம்பையா எங்க?”

“இன்னும் அங்கனதான் இருப்பான்” என்றான் முக்காண்டி. “இவருக்குத்தான் வழி தெரியும்லா, இவரையே அனுப்பிக் கூட்டியாரச் சொல்லலாம்.”

கொம்பையா கொஞ்சம் யோசித்தான். “நல்ல ரோசனைங்க. நான் போயி என்னையக் கூட்டியாறனுங்க” என்று திரும்பி நடந்தான். அவனும் அதே ஊரில் பிறந்தவன்தானே.

மாடத்தி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “பெரியப்பா, எனக்கு வேண்டியது மாமன் மடி. மடி பேசுமா?”

இருளப்பர் தன் மடியைத் தட்டிப் பார்த்தார். “பேசாது.”

“பேசாத மடிக்கு ஊரு ஏது?”

மடி உள்ளே வரலாம், வாய் வரக் கூடாது என்று தீர்ப்பானது. கொம்பையாவின் வாயைத் துண்டால் கட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டவர்களே அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். வெளியூர் மடி வருகிறது என்றதும் பந்தலில் அத்தனை பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். ஆசாரி மட்டும் பொத்தவில்லை. பிள்ளை செய்த புண்ணியம்.

ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது. “ங்ஙே! ங்ங்ஙே!”

பந்தலே காதைத் தீட்டிக்கொண்டது.

“கேட்டியால?” என்றான் முக்காண்டி. “அவரு பேச்சு மாதிரியே ங்குன்னுல்லா இழுக்கு!”

“சந்தேகமே இல்ல. கோயமுத்தூருப் புள்ள” என்றான் பெத்த தகப்பன்.

இருளப்பருக்கு அடுத்த சந்தேகம் வந்தது. “மாடத்தி நம்ம ஊருப் பேச்சுல்லா பேசுதா? கோயமுத்தூருப் புள்ள இவ இடுப்புக்கு எப்படில வந்துது?”

“இங்க தாங்க” என்று அழுத பிள்ளையை வாங்க மாடத்தி கையை நீட்டினாள். சங்கிலி குறுக்கே விழுந்து மறித்தான். “ஊரான் புள்ளையத் தொடாத! பெத்தவ எங்க தேடிட்டு அலையுதாளோ!”

பிள்ளை கதறிக்கொண்டிருந்தது. மாடத்தி யோசித்தாள். இந்த ஊருக்குக் காது ஒன்றுதான் வேலை செய்கிறது. சரி, அதற்கே தீனி போடுவோம். மூக்கைச் சிந்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஏனுங்க, என்ற புள்ளைய என்ற கைல குடுத்துப்போடுங்க. புண்ணியமாப் போவுமுங்க.”

“பெத்தவ வந்துட்டா!” பந்தலே பெருமூச்சு விட்டது. சங்கிலிதான் பிள்ளையைத் தூக்கி அவளிடம் கொடுத்தான். துண்டுக்குள்ளேயே கண் கலங்கினான்.

“தூரத்துல இருந்து வந்திருக்காவ. மொதப் பந்தியில உக்கார வச்சுச் சாப்பாடு போட்டு, பஸ்ஸேத்தி விடுங்கல” என்றார் இருளப்பர்.

மாடத்தியால் மாற்றிப் பேச முடியவில்லை. சொந்தப் பேச்சு வந்தால் பிள்ளை போய்விடும். “வேண்டாமுங்க, வேண்டாமுங்க” என்று கும்பிட்டாள். எவ்வளவு கூச்சப்படுகிறாள் பார் என்று இலையில் இன்னொரு அப்பளம் வைத்தார்கள்.

கோயமுத்தூர் பஸ்ஸில் மூன்று பேரையும் ஏற்றியாச்சு. சங்கிலி ஜன்னலைத் தடவிப் பிடித்துக்கொண்டு வருத்தத்தோடு சொன்னான்: “நீங்களாவது இம்புட்டு தூரம் வந்தியளே தாயி. எம் பொண்டாட்டிக்குப் பொறுப்பே கிடையாது. பெத்த புள்ள காதுகுத்து, இன்னும் அவளக் காணும்.”

பஸ் கிளம்பியது. கொம்பையா வாய்க்கட்டை அவிழ்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சியை மரியாதையாகப் பார்த்துக் கேட்டான்:

“ஏனுங் அம்மிணி, கோயமுத்தூருல நீங்க எந்தப் பக்கமுங்க?”