கோமதிநாயகம் அண்ணாச்சி பிணமாகப் படுத்த வரலாறு

"பிணத்துக்கு ஆள் கெடைச்சாச்சா?"

டீக்கடை வாசலில் யாரோ யாரிடமோ கேட்டுக்கொண்டு போனது ஆவுடைச்செல்வியின் காதில் விழுந்தது. விஷயம் புளியங்குடி பஜார் வரைக்கும் வந்துவிட்டது. அவள் எழுதிய முதல் நாடகம் ஞாயிற்றுக்கிழமை மேடையேறுகிறது. வழக்கமாகப் பிணமாகப் படுக்கும் லாரன்ஸுக்கு அம்மை போட்டு, அவர் நிஜமாகவே படுத்துவிட்டார்.

இரண்டாம் காட்சி முழுக்க நடுவீட்டில் ஒரு பிணம் கிடக்க வேண்டும். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பேச வேண்டும். இருபது நிமிடம். பிணம் அசைந்தால் சனம் சிரிக்கும். சனம் சிரித்துவிட்டால், ஆவுடைச்செல்வி அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதி யாரிடமும் காட்ட மாட்டாள். அது அவளுக்கு மட்டும் தெரியும். அவள் யாரிடமும் எதையும் சொல்லுகிற ரகம் இல்லை. நாடக மன்றத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும் அவள் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒத்திகைக்கு அவள் போனபோது, வாசகசாலைக் கூடத்தில் பிணம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.

"நான் இருக்கையில நீங்க ஏன் வெளியில தேடுதீங்க?" என்றார் கோமதிநாயகம் அண்ணாச்சி.

எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர். மன்றத்து நாடகங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார், எல்லோருக்கும் பழச்சாறு கலக்கிக் கொண்டுவருவார். மேடைப்பக்கம் அவரை யாரும் பார்த்ததில்லை.

"நீர் எப்பவே பிணமா நடிச்சீரு?" என்று கேட்டார் செயலாளர் தங்கப்பழம்.

"நடிக்கிறது வேற, கிடக்கிறது வேற. நான் கிடந்திருக்கேன்," என்று அண்ணாச்சி காலை நீட்டிக்கொண்டார்.

முதல்முறை கிடந்தது சிவகிரியிலாம். மூன்று மணி நேர நாடகம். மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்ததாம். மூச்சே வராத இடம், காற்று அடிக்காத இடம் என்று அதற்குப் பிடித்துப்போய், போய் இன்னொரு ஈயைக் கூட்டிக்கொண்டு வந்ததாம். நாடகம் முடிவதற்குள் அது பேரன் பேத்தி எடுத்துவிட்டது என்றார்.

"போன ஆவணியில கல்யாண வீட்டு போட்டோவுக்கு நில்லும்னா, ஆடி ஆடிப் படத்துல மூணு மூக்கோட விழுந்தீரே," என்றார் தங்கப்பழம்.

"அது உயிரோட நிக்கிறது. அதுல எனக்குப் பழக்கம் கம்மி."

விதவையாக நடிக்கும் ரெஜினா டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி அடுத்து ராஜபாளையத்துக்குப் போனார். அங்கே முன்வரிசையில் ஒரு டாக்டர். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. மேடையேறி நாடியைப் பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உயிர் போய் நாலு மணி நேரம் ஆகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"நாடகம் ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார் டீச்சர்.

"ரெண்டு மணி நேரம். அந்த அளவுக்கு இருந்துச்சு டீச்சர் நம்ம சரக்கு."

தென்காசியில் நடந்ததுதான் பெரிய கூத்து. திரை விழுந்து, வேஷத்தைக் கலைத்துவிட்டு அண்ணாச்சி பஸ் ஏறி ஊர் வருவதற்குள், பஸ் ஸ்டாண்ட் சுவர் முழுக்க அவர் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. மச்சினன் ஒட்டிக்கொண்டிருந்தான். படம் சரியில்லை என்று அண்ணாச்சியே அவனைச் சத்தம் போட்டு வேறு படம் கொடுத்தாராம். வீட்டுக்குப் போனால் வாசலில் பந்தல். பந்தியில் இடம் இல்லாமல் தன் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குத் தானே இரண்டாம் பந்தி வரை நின்றிருக்கிறார்.

"தென்காசியில இருந்து வர பதினாறு நாளா ஆச்சு?" என்றார் தங்கப்பழம்.

"பாலத்துல வேலை நடந்துச்சுல்லா."

ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்களாம். உயிரோடுதான் இருக்கிறேன் என்று நேரில் போய் நின்றிருக்கிறார். அதிகாரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒருதரம் படுத்துக் காட்டுங்கள் என்றாராம். படுத்தார். அதிகாரி சுற்றி வந்து பார்த்தார். பிறகு பெயரை இன்னொருதரம் அடித்துவிட்டு, சிவப்பு மையில் கையெழுத்தும் போட்டார்.

ஆவுடைச்செல்வி நோட்டைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் கிடக்கட்டும்," என்று அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "போன தையில எமனே வந்தாரு. மண்டி வாசல்ல நின்னு பேரைக் கேட்டாரு. சொன்னேன். ஏட்டைப் புரட்டிப் பார்த்தாரு. 'இதை அப்பவே எடுத்தாச்சே'ன்னுட்டு, ஒரு டம்ளர் ஜூஸைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. இனிமே எனக்குச் சாவு கெடையாது, கேட்டீரா. கணக்கு முடிஞ்ச கேசு."



"எருமையை எங்க கட்டினாரு?" என்றார் தங்கப்பழம்.

"சைக்கிள் ஸ்டாண்டுல."

வேறு ஆள் இல்லை. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, வெள்ளை வேட்டி விரித்து அண்ணாச்சியைப் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடினார்.

அசந்துதான் போனார்கள். மார்பு ஏறவில்லை, இமை துடிக்கவில்லை. சொல்லிவைத்தாற்போல் ஒரு ஈ வந்து நெற்றியில் நடந்து, மூக்கில் இறங்கி, மீசையைச் சுற்றிப் பார்த்தது. அண்ணாச்சி கட்டைபோல் கிடந்தார். தங்கப்பழம் கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் கலங்கிப்போய் நிமிர்ந்தார். ஆவுடைச்செல்வி நிம்மதியாக நோட்டில் இரண்டாம் காட்சியைத் திருப்பினாள்.

டீச்சர் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார். ஊரை விட்டு ஒரு எட்டு வைக்காத மனுஷன் இப்படித் தனியாகப் போய்விட்டாரே என்பது முதல் வரி.

"ராஜபாளையம் போயிருக்கேன் டீச்சர்," என்றது பிணம். கண் திறக்கவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது.

நிறுத்தி, எடுத்துச் சொல்லி, மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த வரியைத் தாண்டியாகிவிட்டது. அடுத்த வரி, யாரிடமும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர் என்பது. தனக்கா தெரியாது, சந்தையில் வந்து விசாரியுங்கள் என்றது பிணம். மூன்றாம் தடவை, பெரிதாக ஒன்றும் சாதிக்காவிட்டாலும் நல்லவர் என்று டீச்சர் சொன்னதும், பிணம் எழுந்து உட்கார்ந்தே விட்டது.

"செத்துப்போயிட்டான்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னா எப்படி? கேட்டுக்கிட்டு எந்தப் பிணம்தான் சும்மா கிடக்கும்? டீச்சர் மேல தப்பு இல்ல. எழுதின புள்ளைகிட்டச் சொல்லி அந்த சிவகிரி சங்கதியை நடுவுல சேக்கச் சொல்லுங்க. நானே கிடந்த வாக்குல சொல்லிருதேன்."

தங்கப்பழம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இனி ஆகிற காரியம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்குப் பதிலாக ஒரு பட்டிமன்றம் போட்டுவிடலாம், பேசுவதற்கு ஊரில் ஆளுக்கா பஞ்சம் என்றார். டீச்சர் மறுக்கவில்லை. கையில் வைத்திருந்த தாள்களை மடித்தார். எல்லோரும் ஆவுடைச்செல்வியைப் பார்த்தார்கள்.

அவள் நோட்டை மூடி பெஞ்சில் வைத்தாள். முகம் காதுவரை சிவந்திருந்தது. அண்ணாச்சியின் தோளைத் தொட்டு, மெதுவாகப் படுக்க வைத்தாள். விரித்திருந்த வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளமாக ஒரு துண்டு கிழித்தாள்.

"நான் தென்காசியில கிடந்தப்போ..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

அவள் துணியை அவர் தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு காதையும் ஒட்டி மேலே இழுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.