இடுக்கில் கிடந்த சுறா

முன்பு ஒரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் எங்கள் பவளப்பாறைப் பக்கம் எந்த ராஜாவும் வந்ததில்லை. ஆகவே ஒரு சுறாவிலிருந்து தொடங்குகிறேன், கேளுங்கள். அந்தச் சுறா நான்தான்.

சுறா என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். என் நீளம் இரண்டு முழம், அதிலும் ஒரு விரற்கடை குறைவு. பல் நிறைய உண்டு. எல்லாம் புழுவுக்கும் இறாலுக்கும்தான். நீந்துவதைவிடத் தரையில் கிடப்பது எனக்குப் பிடிக்கும்.

பாறைக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தது. கடலுக்குப் போக அதற்கு ஒரே இடுக்கு. பள்ளத்தில் மரகதம் என்ற கிளிமீன் தன் குஞ்சுகளை வளர்த்துவந்தாள். நாற்பத்தொரு குஞ்சுகள், நான் இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்.

வெளியே குஞ்சு தின்னும் சீலா மீன் ஒன்று சுற்றத் தொடங்கியது. மரகதமும் கடுக்கன் என்ற நண்டும் என்னிடம் வந்து, இடுக்கில் காவல் இருக்கும்படி கேட்டார்கள். சுறா என்ற பெயருக்கே அது ஓடிவிடும் என்றார்கள். எனக்குச் சண்டை வராது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

மூன்று நாள் காவல் இருந்தேன். நாளுக்கு மூன்று இறால் கொண்டுவந்து தந்தார்கள். ஒன்பதையும் தின்றேன்.

நான்காம் நாள் சீலா வந்தது. நான் பாறைக்கு அடியில் போனேன். தலை மட்டுமே உள்ளே போனது. சீலா என் வாலைத் தாண்டிப் போய் மூன்று குஞ்சுகளைத் தின்றுவிட்டுத் திரும்பியது.

"உங்க வால் நல்லாத்தான் காவல் காத்துச்சுண்ணே," என்றான் கடுக்கன். மரகதம் மீதிக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அமாவாசை. கடல் என்றைக்கும் இல்லாத அளவுக்கு வற்றியது. பள்ளத்துத் தண்ணீர் இடுக்கு வழியே ஓடி இறங்கியது. நீரோடு வெளியே போனால் சீலா. உள்ளேயே இருந்தால் வெயில். மீதி முப்பத்தெட்டும் மரகதத்தின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன.

நான் தரையோடு தரையாக அவளிடம் போனேன்.

"மரகதக்கா, எனக்குக் காவல் தெரியாது. சீலாவைப் பார்த்தா இன்னிக்கும் ஒளிஞ்சுக்குவேன். எனக்குத் தெரிஞ்சது கிடக்கிறது ஒண்ணுதான். அந்த இடுக்குல கிடக்கட்டுமா?"

"அதுக்கு உங்கள விட்டா ஆள் ஏது," என்றான் கடுக்கன்.

துடுப்புகளை ஊன்றி நடந்துபோய் இடுக்கை அடைத்துப் படுத்தேன். முதலில் தலைப்பக்கம் ஒழுகியது. திரும்பிப் படுத்தேன், வால்பக்கம் ஒழுகியது. மூன்றாம் முறை உடம்பை வளைத்துத் திணித்தேன். ஓரங்களில் கடுக்கன் பாசியும் மணலும் அடைத்தான். தண்ணீர் நின்றது.

என் முதுகு வெளியே காய்ந்தது. எங்கள் இனம் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனாலும் எழுந்து போய்விடலாம் என்று மூன்று முறை நினைத்தேன். ஒன்று, வெயில் சுட்டபோது. இரண்டு, ஒரு நாரை வந்து என்னைக் கொத்திப் பார்த்தபோது. மூன்று, மூக்கு அரித்தபோது. மூன்றாவதுதான் தாங்க முடியாதது.

அப்படியும் போகவில்லையே, அது தைரியம்தானே என்று கேட்பீர்கள். அவ்வளவு இறுக்கமாக மாட்டியிருந்தேன். முயன்றிருந்தாலும் போயிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

பொழுது சாய்வதற்குள் கடல் ஏறியது. மரகதம் எண்ணினாள். நானும் எண்ணினேன். முப்பத்தெட்டு.

அவள் என்னைப் புகழவில்லை. "நாளையிலேர்ந்து இறால் கிடையாது," என்றாள். குஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் திரும்பி, "அடுத்த அமாவாசைக்குச் சொல்லி அனுப்புறேன், வந்து படு," என்றாள்.

அதன்பின் ஒரு அமாவாசையும் நான் தவறவில்லை. குஞ்சுகள் வளர்ந்து வெளியே போகும்வரை, வற்றுகிற நாளெல்லாம் இடுக்கில் கிடந்தேன். ஒவ்வொரு முறையும் முப்பத்தெட்டுத்தான் எண்ணினேன். நாற்பத்தொன்று வரவே இல்லை.

நமக்கு வராததை வராது என்று சொல்ல வெட்கப்பட்டால், அதற்கான விலையைப் பிறர் கொடுக்க நேரும்.