மோட்டாருக்கு மேலே மாட்டிய சார்ட்

ஒரு என்ஜினீயரிங் காலேஜ் லேபில் தண்ணீர் மோட்டார் ஒன்று இருந்தது. போட்டால் உறுமும், தண்ணீர் மட்டும் வராது. அதனால் "பழுது" என்று அட்டையில் எழுதி அதன் கழுத்தில் கட்டி, மூலையில் விட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகப் பேச்சு.

படித்து முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு வரவேண்டிய குணமெல்லாம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வருவார்கள். அதுதான் இன்ஸ்பெக்‌ஷன். அதற்காக லேபுக்கு வெள்ளையடித்தார்கள். இடைஞ்சல் என்று மோட்டாரிலிருந்து தண்ணீர் வெளியே வரும் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அதே சுவரில் புதுசாக ஒரு சார்ட்டும் ஏறியது. போஸ்டர் கலரில் அழகான எழுத்து:

"எங்கள் மாணவர்கள் சேர்ந்து வேலை செய்வார்கள். தவறை ஒப்புக்கொள்வார்கள். சிக்கலைத் தீர்ப்பார்கள்."

சார்ட் கீழே எட்டிப் பார்த்தது. "யாருப்பா அது மூலையில?"

"மோட்டாருங்க."

"நாளைக்கு வர்றவங்க முன்னாடி உறுமித் தொலைக்காதே. என்னைப் பார்த்தாலே மார்க் போட்டுடுவாங்க."

"நீங்க சொல்ற பிள்ளைங்க எங்கங்க? என்னை ஒருத்தரும் தொட்டதில்லையே."

"தொடணுமா? அதான் எழுதியிருக்கே!"

பெட்டிக்குள் இருந்த ஸ்பானர் சிரித்தது. "அண்ணே, என் மேல சுத்தின எண்ணெய்க் காகிதத்தையே இன்னும் பிரிக்கல."

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் மேடம் வந்தார். இசக்கிராஜ் என்ற மாணவன் சார்ட்டை மூச்சு விடாமல் படித்தான். சார்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லாப் படிக்கிறீங்க தம்பி. இப்ப அந்த மோட்டாரைப் போடுங்க" என்றார் மேடம்.

"அது பழுது மேடம்" என்றார் புரொபசர்.

"என்ன பழுது?"

புரொபசர் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் புரொபசரைப் பார்த்தார்கள். இசக்கிராஜ்தான் தலையைச் சொறிந்தான்.

"மேடம், நான் இதைப் போட்டதே இல்ல. சீனியர் நோட்டைப் பார்த்து ரெக்கார்டு எழுதிட்டேன்."

"மானத்தை வாங்குறானே!" என்று சார்ட் பதறியது.

"ஐயா, உங்க ரெண்டாவது வரிதான் அது" என்றது மோட்டார்.

ஜெனிட்டா என்ற பெண் முன்னால் வந்து ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. உடனே நிறுத்தினாள்.

"எங்க வீட்டு மோட்டாரும் இப்படித்தான் மேடம். உள்ள காத்து அடைச்சிருக்கும். ஏலே இசக்கி, ஒரு வாளி தண்ணி கொண்டா!"

ஸ்பானரின் காகிதம் பிரிந்தது. "அப்பாடா!" என்றது அது. ஒருத்தி மேல்மூடியைத் திருகினாள், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், இசக்கி கப்பால் ஊற்றினான்.

"மெதுவால! என் செருப்புக்கா ஊத்துற?"

"நீ ஆடாம பிடி முதல்ல!"

தண்ணீர் குமிழி விட்டு நிரம்பி வழிந்தது. மூடியை இறுக்கிவிட்டு மறுபடி போட்டார்கள். மோட்டார் ஒரு குலுங்கு குலுங்கியது. குழாய் சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

பீய்ச்சியடித்த தண்ணீரில் பிள்ளைகள் நனைந்தார்கள், புரொபசர் நனைந்தார், மேடத்தின் சேலையும் தப்பவில்லை. எல்லோரும் சிரித்த சிரிப்பில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது. "பழுது" அட்டை ஊறிக் கழன்று, தண்ணீரோடு வாசல் பக்கம் போனது.

சார்ட்டின் எழுத்தெல்லாம் நீலமும் சிவப்புமாகச் சுவரில் வழிந்தது.

"ஐயோ, ஒரு வரிகூட மிஞ்சலையே! இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்னு இனி யாரு சொல்லுவா?" என்று அழுதது சார்ட்.

மோட்டார் பதில் சொல்லவில்லை. அதன் வாய் நிறையத் தண்ணீர்.