சுவரில் வந்த முகம்

முன்னொரு காலத்திலே கழிமுகத்துறை என்கிற கடலோர நாட்டைச் செழியங்கோன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் வியர்த்துவிட்டால் மனுஷனாக இருக்கமாட்டான்.

அந்த ஊர்க் கோடையோ பொல்லாதது. காற்றே நனைந்த துணி மாதிரி உடம்பில் ஒட்டும். "என் பள்ளியறை மலைச்சாரல் போல இருக்க வேண்டும்!" என்று ஒருநாள் கத்தினான் ராஜா.

உடனே பிரதானி வில்லவதரையர் முன்னால் வந்தார். மந்திரி இளநாகன் பெயரைக் கேட்டாலே வயிறெரிகிற ஆள். ஜன்னல்களையெல்லாம் வெட்டிவேர்த் தட்டியால் அடைத்தார். கூரையோரக் காற்றுத் துளைகளைப் பூசச் சொன்னார். தட்டிகளை நனைக்க ஆட்கள் ஓயாமல் தண்ணீர் சுமந்தார்கள். ஊர்க் கிணறுகள் வற்றின. களஞ்சிய நெல் கூலியாகவே கரைந்தது.

"இந்தச் செலவு தாங்காது, மகாராஜா" என்றான் மந்திரி. ராஜா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் சுவர் அழ ஆரம்பித்தது.

உச்சிவேளையில் ராஜா கண்ணயர்ந்தால், பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்கும். விழித்தால் ஒருவரும் இல்லை. சுவரில் மட்டும் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும். ஒருநாள் தலைமாட்டுச் சுவரில் கறுப்பாக ஒரு முகம் தெரிந்தது. இரண்டு கண்குழிகள், திறந்த வாய். நாளுக்கு நாள் அந்த வாய் அகன்றது.

ராஜா கட்டிலை விட்டுத் துள்ளி இறங்கினான். அவன் நாடுகடத்திய அண்ணன் கப்பலோடு கடலில் மூழ்கிப்போனவன். அதே முகம்!

சபையில் ராஜா இதைச் சொன்னதும், "ஆவிதான், மகாராஜா" என்றார் வில்லவதரையர். "முகம் தோன்றிய வீட்டில் ஒரு தலை விழுந்தாக வேண்டும். சாதாரணத் தலை போதாது. அறிவுள்ள தலை." சொல்லிவிட்டு மந்திரியைப் பார்த்தார்.

ராஜா தலையைக் குனிந்துகொண்டு, "அமாவாசையன்று" என்றான்.

இளநாகன் சிரித்தான். "உத்தரவு, மகாராஜா. கடைசியாக ஒரு ஆசை. இவ்வளவு யோசனை சொன்ன பிரதானியும் ராஜபோகம் அனுபவிக்கட்டும். அதுவரை அவர் படுக்கையறையையும் இப்படியே அடைத்துக் குளிரவைக்க வேண்டும்."

வில்லவதரையருக்குப் பெருமை தாங்கவில்லை. "மந்திரிக்கு இப்போதாவது மரியாதை தெரிந்ததே!" என்றார்.

அமாவாசை வந்தது. வாளோடு ஆட்கள் நின்றார்கள். "முதலில் பிரதானி வீட்டை ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று கேட்டான் இளநாகன்.

அறைக் கதவைத் திறந்ததும் பிணவாடை போல ஒரு நெடி. கட்டிலுக்கு மேலே, ஈரச் சுவரில், கறுத்த முகம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ராஜா அலறிப் பின்வாங்கினான்.

"உங்கள் அண்ணன் இங்கே குடிவந்துவிட்டார், மகாராஜா" என்றான் மந்திரி மெதுவாக. "முகம் தோன்றிய வீட்டில்தானே தலை விழ வேண்டும்? பிரதானியைவிட அறிவுள்ள தலை இந்த வீட்டில் ஏது?"

வாள் ஆட்கள் திரும்பினார்கள். வில்லவதரையர் தடாலென்று காலில் விழுந்தார். "ஐயோ, அது முகமே இல்லை! ஈரத்தில் பூத்த பூசணம்! தட்டியை எடுத்தால் போய்விடும்!"

"அரண்மனையில் பூத்தால் ஆவி, உங்கள் வீட்டில் பூத்தால் பூசணமா?" என்று கேட்டான் இளநாகன்.

ராஜா ஈரச் சுவரைத் தடவிப் பார்த்தான். பிறகு, "அந்த மூச்சு?" என்றான்.

"தட்டி இடுக்கில் திணறிய கடல்காற்று, மகாராஜா. காற்றே ஈரமாக இருக்கிற ஊரில் தட்டி எப்படிக் காயும்? காயாத தட்டி குளிர்ச்சி தராது. மேலே துளைகளைத் திறந்தால் சூடு வெளியேறும். மேற்குச் சுவருக்குப் பந்தல் போட்டால் வெயில் அண்டாது. கடல்காற்று கூலி கேட்காது."

அப்படியே செய்தார்கள். அறை மலைச்சாரலாகவில்லை, ஆனால் தூக்கம் வந்தது. கிணறுகள் ஊறின. வில்லவதரையர் அந்தக் கோடை முழுக்க வீடுவீடாகத் தண்ணீர் சுமந்தார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

"உனக்குப் பயமே இல்லையா, இளநாகா?"

"இருந்தது, மகாராஜா. அந்த அறையில் பூசணம் பூக்கும் என்று தெரியும். அது முகமாகத்தான் பூக்கும் என்று நான் நினைக்கவே இல்லை."

ராஜா அன்றே கடற்கரைக்கு ஆளனுப்பி, அண்ணனுக்குச் செய்யாமல் விட்ட காரியத்தைச் செய்யச் சொன்னான்.