மூன்று தரம் கேட்கும் சுவிட்ச்

விளக்கு வைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது.

குருவிக்குஞ்சு கத்துகிற மாதிரி. ஆனால் குருவிக்குஞ்சு கத்தினால் நடுவில் மூச்சு வாங்கும். இது மூச்சே வாங்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பி, படியில் ஒரு கால் வைத்திருந்தாள் ஜெனோவா. அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் என்ஜினியர். பிரசவ விடுப்பு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

 ஆறு மாதத்துக்கு முன் அவள் பிள்ளை அந்த மாடியில்தான், நான்காம் தொட்டிலில், பதினொரு நாள் கிடந்தது. அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும்.

ஓடினாள்.

குறைமாதப் பிள்ளைகளின் வார்டு. பதினாறு தொட்டில். ஆறாம் தொட்டிலின் தலைமாட்டில் இருந்த கருவிதான் கத்திக்கொண்டிருந்தது, பிள்ளைக்கு மூச்சு குறைகிறது, யாராவது வாருங்கள் என்று.

நர்ஸ் சந்தனமாரி அதற்குள் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிவிட்டிருந்தாள். பிள்ளை ஒரு தரம் விக்கியது. மூச்சை இழுத்தது. பிறகு அழுதது.

"நல்ல வேளை, பக்கத்துத் தொட்டிலுக்குப் பால் குடுக்க வந்தேன்," என்றாள் சந்தனமாரி.  "மேசையில உக்காந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

வார்டுக்கும் நர்ஸ் மேசைக்கும் நடுவே கனத்த கண்ணாடிச் சுவர். இங்கே கத்துவது படிக்கட்டு வரை கேட்கும், அங்கே கேட்காது. அதற்காகத்தான் மேசையில் ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். பதினாறு பிள்ளைகளின் மூச்சும் துடிப்பும் அதில் ஓட வேண்டும்.

ஒன்று ஓடியது. மூன்று ஓடியது. ஐந்து ஓடியது.

இரண்டு இல்லை. நான்கு இல்லை. ஆறு இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாளா. மேனேஜர் தவமணி சார்ட்ட சொல்லியாச்சு. திரையில கோளாறு, புதுத் திரை வருதுன்னாரு."

ஜெனோவா கீழே இறங்கினாள். 

சுவிட்ச் அறையில் இசக்கியம்மாள் தரையில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கேபிள் இழுக்க வருகிற கான்ட்ராக்ட் பெண். ஜெனோவாவைவிட எட்டு வயது இளையவள். பட்டம் கிடையாது, கழுத்தில் அட்டை கிடையாது. ஆனால் அந்தக் கட்டடத்துச் சுவருக்குள் எது எங்கே போகிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பட்டம் வாங்கியவர்கள் சந்தேகம் வந்தால் அவளிடம் வந்து நிற்பார்கள். ஜெனோவாவும் அப்படி நின்று பழகியவள்தான்.

"இசக்கி, ரெண்டு கேபிளுக்கும் விளக்கு பச்சையா எரியுது. அப்புறம் ஏன் பாதிப் பிள்ளைங்க திரைக்கு வரல?"

இசக்கி, சுவிட்சும் கேபிளும் அடுக்கிய ரேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யக்கா, எங்க வீட்டுல இப்பம் லைட்டு எரியுது."

"சரி."

"வீட்டுல ஆள் இருக்கா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"கதவைத் தட்டிக் கேட்டாத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, இசக்கி அடுத்த கிழங்கை எடுத்தாள்.

ஜெனோவா ரேக்கின் முன்னால் நின்றாள். மேலே வார்டில், கருவிகளின் செய்தியை வாங்கிக் கேபிளில் அனுப்பும் சுவிட்ச் ஒன்று. கீழே இங்கே ஒன்று, நர்ஸ் மேசைத் திரைக்கு வழி இங்கிருந்துதான். இரண்டுக்கும் நடுவில் இரண்டு கேபிள். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தது. எந்தத் தொட்டிலின் செய்தி எந்தக் கேபிளில் போவது என்பதைச் சுவிட்சே பிரித்துக்கொள்ளும். ஒற்றைப்படை முதல் கேபிளில். இரட்டைப்படை இரண்டாவதில்.

"அப்போ ரெண்டாவதுல போறது வழியில விழுந்துடுது."

"ரெண்டாம் மாடிப் பரண்ல ஒரு சின்னப் பெட்டி உண்டு. அந்தக் கேபிள் அதுக்குள்ள பூந்துதான் வரணும். பெட்டி செத்துட்டு. அதோட லைட்டு மட்டும் சாகல."

"வழியில செத்துக் கிடக்குன்னு சுவிட்சுக்குத் தெரியாதா?"

"கேட்டாத்தானக்கா தெரியும்? கேக்க வேண்டாம்னு அதுட்ட சொன்னது யாரு?"



போன வருடம் வார்டைத் திறந்து வைத்த நாள். பெரிய மனிதர்கள் வாசல்வரை வந்துவிட்டார்கள். சுவிட்சுகள் ஒன்றையொன்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேரும்படிதான் அவள் முதலில் அமைத்திருந்தாள். முதல் கேபிள் சேர்ந்தது. இரண்டாவது சேரவில்லை, ஆரஞ்சு எரிந்தது. அந்தப் பெட்டி அன்றைக்கே கேள்வியை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று தேட நேரமில்லை. பச்சையாக்கு, எப்படியாவது பச்சையாக்கு என்று மேனேஜர் தவமணி காதோரம் நின்று பல்லைக் கடித்தார். கேட்காமலே சேர்ந்துகொள் என்று இரண்டு பக்கமும் எழுதிவிட்டாள். இரண்டும் பச்சை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஜெனோவா.

"தெரியும். அன்னைக்கு உங்களுக்கு லட்டு குடுத்தாவ. மிச்சத்துல எனக்கும் ஒண்ணு வந்துது."

"அந்தக் கேபிளைப் பிடுங்கிடவா?"

"பிடுங்குங்க. காலையில தவமணி சாரு அணைஞ்ச லைட்டைப் பாப்பாரு. வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சொருகச் சொல்லுவாரு."

"பின்னே என்ன செய்ய?"

"கேக்க விடுங்க. இருக்கியான்னு மூணு தரம் கேக்கும். பதில் வந்தா கட்டுல வச்சுக்கிடும்."

"வரலேன்னா?"

இசக்கி கிழங்கை இரண்டாகப் பிளந்தாள். நடுவில் இருந்த நாரை உருவிக் குப்பைக்கூடையில் போட்டாள். கிழங்கில் ஒரு பாதியை ஜெனோவாவிடம் நீட்டினாள்.

கதவு படாரென்று திறந்தது. அந்தக் கதவு தொங்கிப்போய் வெகு நாளாயிற்று. தாழ்ப்பாள் ஓட்டையில் விழாது. அதனால் யாரும் தட்டுவதும் கிடையாது.

தவமணி.

"மேல என்ன கலாட்டா பண்ணிட்டு வந்திருக்க? நர்ஸ் அழுவுறா."

"சார், கோளாறு திரையில இல்ல. இங்க."

அவர் ரேக்கைக் குனிந்து பார்த்தார். "எங்க? ரெண்டும் பச்சை. நாளைக்கு ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். இந்த ரூமையும் பாப்பாங்க. எல்லாம் முடிஞ்சு பாத்துக்கலாம். ஒண்ணையும் தொடாத, வீட்டுக்குப் போ. பச்சப் பிள்ளைக்காரி, உனக்கு ஏன் இந்த வேலை?"

போய்விட்டார். அவர் திறந்த கதவு அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

"பயமா இருக்கு இசக்கி."

"எனக்குந்தான் பயமா இருக்கு. அதுக்காவக் கிழங்கைத் திங்காம இருக்கேனா?"

சுவிட்சுகளுக்கு எழுத இருந்த ஒரே கம்ப்யூட்டர் முன்னால் ஜெனோவா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சந்தனமாரியைப் போனில் கூப்பிட்டு, திரையை நம்பாதே, தொட்டில்களுக்கு நடுவிலேயே நில் என்றாள். பிறகு மேல் சுவிட்சில், கேட்காமல் சேரும் ஏற்பாட்டை எடுத்துப் போட்டாள்.

அதற்குப் பதிலாக இரண்டு வழி இருந்தது. தானே முதலில் கேட்பது ஒன்று. கேட்டால் மட்டும் பதில் சொல்வது இன்னொன்று.

பன்னிரண்டு வருடம் கான்வென்டில் படித்தவள் ஜெனோவா. கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது. முந்திக்கொண்டு பேசுகிற பெண்ணை முட்டி போட வைப்பார்கள். அவள் ஒரு நாளும் முட்டி போட்டதில்லை.

கேட்டால் மட்டும் பதில் சொல், என்று மேலே எழுதினாள். அதையே கீழேயும் எழுதினாள். யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது.

இரண்டு விளக்கும் ஆரஞ்சாயின.

அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"யக்கா, ஒண்ணும் மூணும்கூடப் போச்சு. பதினாறும் போச்சு! நான் நடுவுலதான் நிக்கேன், ஆனா ரெண்டு கண்ணுதான் இருக்கு எனக்கு. சீக்கிரம்!"

 "என்ன தப்பு? ரெண்டையும் ஒரே மாதிரிதானே போட்டேன்? இசக்கி, என்ன தப்பு?"

இசக்கி எழுந்து வந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இது ரெண்டும் எந்தக் கான்வென்டுல படிச்சுதுவ?"

ஜெனோவா அவளைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மேலே இருப்பது, கீழே இருப்பது கேட்கட்டும் என்று காத்திருந்தது. கீழே இருப்பது, மேலே இருப்பது கேட்கட்டும் என்று காத்திருந்தது.

"ரெண்டும் நல்ல பிள்ளைங்க," என்றாள் மெதுவாக.

"நல்ல பிள்ளைங்கதான். விடிய விடிய இப்படியே கைகட்டி நிக்கும்."

"யார் முதல்ல கேக்கணும்?"

இசக்கி கீபோர்டை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினாள்.

ஜெனோவா எழுதினாள். கீழே இருப்பது கேட்கட்டும்.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

முதல் விளக்கு பச்சையாயிற்று. இரண்டாவது ஆரஞ்சாகவே நின்றது.

போனில் சந்தனமாரி எண்ணினாள். "ஒண்ணு வந்துட்டு. ரெண்டு... ரெண்டு வந்துட்டுக்கா! மூணு, நாலு, அஞ்சு, ஆறு..." ஆறில் அவள் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதினாறு வரை எண்ணி முடித்தாள். எல்லாரும் அந்த ஒரே கேபிளில் வந்திருந்தார்கள்.

ஜெனோவா ஆரஞ்சு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை இனிமே சேத்துக்காதா?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்கும். காலையில கடை திறந்ததும் வேற பெட்டி வாங்கிட்டு வாரேன். பதில் வந்துச்சுன்னா சேத்துக்கிடும். அதுக்கு ஒண்ணும் மனசுல கறுவு கிடையாது."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று. இசக்கி கிழங்குத் தோலைக் கூட்டி அள்ளினாள். பையைத் தோளில் மாட்டினாள்.

வாசலில் அவளை நிறுத்தினாள் ஜெனோவா.

"இசக்கி, இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே போட முடியாதா?"

"தோளைக் குடுத்துக் கதவைத் தூக்கணும். தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளினா விழும்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"இத்தனை நாளா நீங்க கேக்கலியே."

போய்விட்டாள்.

ஜெனோவா வீட்டுக்குப் போன் பண்ணினாள். "இன்னைக்கு வர முடியாது. எடுத்து வச்ச பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சூடு பாத்துக் குடுங்க." மறுமுனையில் பிள்ளை என்னவோ சொன்னது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்க இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். அவள் எழுந்து வாசலுக்குப் போவதற்கும் தவமணி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அவள் தோளுக்கு மேலாக அவர் ரேக்கைப் பார்த்தார்.

"ஆரஞ்சு எரியுது."

"ஆமா சார்."

"தொடாதன்னு சொல்லிட்டுப் போனேன்."

"ஆமா சார்."

"தள்ளு. பாஸ்வேர்டு என்கிட்டயும் இருக்கு." சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "பழையபடி ஆக்குறது எப்படின்னு அன்னைக்கே உன்னை எழுதித் தரச் சொன்னேன்ல? நானே பண்ணிக்கிறேன்."

அவள் நகரவில்லை.  

"சார், ஆறாம் தொட்டில் பிள்ளை திரையில தெரியணுமா, வேண்டாமா?"

"காலையில லைட்டு பச்சையா இருக்கணும். அவ்வளவுதான்."

"ஆறாம் தொட்டில் பிள்ளை திரையில தெரியணுமா, வேண்டாமா?"

"அவங்க வந்து பாத்து, இது என்னன்னு கேட்டா யாரு பதில் சொல்றது? நீயா?"

"நான் சொல்றேன் சார். ஆறாம் தொட்டில் பிள்ளை திரையில தெரியணுமா, வேண்டாமா?"

"முதல்ல உனக்கு வேலை வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லு!"

அவள் காத்திருந்தாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

ஜெனோவா ஓரடி பின்னால் வைத்து, அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். தோளைக் கொடுத்துத் தூக்கினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.