கட்டியத்தில் காணாமல் போன ராஜா

கருவேலங்கோட்டை சமஸ்தானத்துத் திவான் ஜம்புலிங்கம் மூன்று மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். அந்த மூன்று மாதத்தை மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அரண்மனைப் புலவர் அமிர்தவல்லி, தன் ஊரைத் தின்ற பஞ்சத்தைப் பற்றிப் பதினோரு வருஷம் உழைத்து ஒரு நூல் எழுதியிருந்தாள். அதை இங்கிலீஷில் பெயர்த்து அமெரிக்காவில் அச்சிட ராஜாவுக்கு ஆசை. அமெரிக்கப் பதிப்பாளர் துரை மறுநாள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் திவான் நூலைப் பிடுங்கிச் சிவப்பு மையால் மேய்ந்துவிட்டார்.

"ஊர்ப்பேர் வேண்டாம், அமெரிக்கர் வாயில் நுழையாது. பாட்டன் பூட்டன் வேண்டாம், நினைவில் நிற்காது. நடுவில் ஒரு பாம்பாட்டியைச் சேர்த்திருக்கிறேன், பிரபு. அவர்கள் எதிர்பார்ப்பார்கள்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார். அமிர்தவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள்.

விதூஷகன் சொக்கேசனுக்கு வயிறு எரிந்தது. ஓட்டல் அறையில் மூன்று மாதம் தூங்கிய ஆளுக்கு ஒரு தேசத்தின் மனசே தெரிந்துவிட்டதாம்! நேரே கட்டியக்காரனைத் தேடிப் போனான்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. முன்வரிசையில் துரை, பக்கத்தில் அவருடைய துபாஷி; கடைசி வரிசையில் அமிர்தவல்லி. ராஜா நுழையும்போது கட்டியக்காரன் முப்பத்திரண்டு பட்டங்களையும் முழங்குவது வழக்கம். அன்று அவன் முழங்கியது இதுதான்:

"பராக்! பராக்! தலையில் துணி சுற்றிய ஒருவர் வருகிறார்!"

முன்னால் ஒரு பாம்பாட்டி மகுடி ஊதிக்கொண்டு நடந்தான்.

துபாஷி மொழிபெயர்த்ததைக் கேட்ட துரை, "சரி, ராஜா எப்போது வருவார்?" என்றார்.

ராஜாவின் மீசை துடித்தது. "என் பேர் எங்கேடா?"

சொக்கேசன் எழுந்து கும்பிட்டான். "வாயில் நுழையாது மகாராஜா, எடுத்தாச்சு."

"என் பாட்டனார்?"

"நினைவில் நிற்க மாட்டார்."

"இந்தப் பாம்பாட்டி?"

"துரை எதிர்பார்ப்பாரே! எல்லாம் திவான் நேற்று வகுத்த விதிதான்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. தன் பட்டுச் சால்வையைக் கழற்றி அமிர்தவல்லிக்குப் போர்த்தினார். "உன் நூல் ஓர் எழுத்தும் குறையாமல் போகும், அம்மா."

திவான் விடவில்லை. "அவர்களுக்குப் புரியாததை என்ன செய்வது, பிரபு?"

"பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் குறிப்புப் போடு."

சொக்கேசன் பணிவாகத் தலையைச் சொறிந்தான். "அமெரிக்காவில் திவான் என்று ஒரு பதவியே கிடையாதாம், மகாராஜா. இவரை எடுத்துவிடலாமா, அடியில் போடலாமா?"

ராஜா சபை அதிரச் சிரித்தார். "அடியிலேயே கிடக்கட்டும்!"

அன்றிலிருந்து திவானின் ஆசனம் சிம்மாசனத்தின் கடைசிப் படிக்கும் கீழே.